அம்மன் பாதத்தில் வைத்த மருந்து

எனக்குச் சோறு போடுவது பாலிமர். சென்னைக்குப் போகிற வழியில் ஒரு பொறியியல் கல்லூரியில் வேதியியல் பாடம் எடுக்கிறேன். மிச்ச நேரத்தில் அங்கேயே ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில், மருந்தைச் சுமந்துகொண்டு போகிற பாலிமர் உருண்டைகளைச் செய்கிறேன். செய்கிறேன் என்பதே பெரிய வார்த்தை. அவை தாமாக உருவாகின்றன. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

இதை என் மனைவியின் அண்ணனுக்கு ஒருமுறை விளக்கப் போய் மாட்டிக்கொண்டேன். அவர் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவர். அன்றைக்கு ஏதோ விசேஷம், வீடு நிறைய ஆட்கள். பாலிமர் என்பது ஒரு நீளமான சங்கிலி மாதிரி, அதில் ஒரு பாதிக்குத் தண்ணீர் என்றால் உயிர், இன்னொரு பாதிக்குத் தண்ணீரே ஆகாது என்றேன். அதைத் தண்ணீரில் விட்டால், ஆகாத பாதிகள் எல்லாம் ஒன்றையொன்று தேடிப்போய் உள்ளே ஒடுங்கிக்கொள்ளும், பிடித்த பாதிகள் சுற்றி வேலி மாதிரி நின்றுகொள்ளும். கண்ணுக்கே தெரியாத ஒரு உருண்டை. தண்ணீரில் கரையாத மருந்தைக் கூடவே விட்டால் அதுவும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படியே ரத்தத்தில் ஏற்றலாம்.

"யாரும் கோக்கறது இல்லியா?" என்றார்.

"இல்ல மச்சான். தானா சேந்துக்கும்."

"அப்ப நானும் நூல தறியாண்ட வச்சுட்டுப் போய் படுத்துக்கறேன் மாப்ள. காலையில புடவை ஆயிருக்குதான்னு நீங்க வந்து பாத்துச் சொல்லுங்க."

வீடே சிரித்தது. அதிகம் சிரித்தவள் என் மனைவி. அன்றையிலிருந்து அவர்கள் வீட்டில் எந்த வேலையைத் தள்ளிப்போட்டாலும், "விடு, மாப்ள உருண்டை மாதிரி தானா ஆயிடும்" என்பது ஒரு பேச்சாகவே ஆகிப்போனது.

அவளுக்குச் சினைப்பையில் கட்டி வந்தது அதற்குப் பிறகு. அறுவை சிகிச்சை செய்தார்கள். மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்து தண்ணீரில் கரையாது என்பதால் விளக்கெண்ணெயிலிருந்து எடுக்கிற ஒரு திரவத்தில் கரைத்துத்தான் உடம்பில் விடுவார்கள். அந்தத் திரவம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நாற்காலியில் சாய்ந்திருந்தவள் முகம் சிவந்து, மூச்சு இழுக்க, என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் ஓடி வந்து டிரிப்பை நிறுத்தினார். பிறகு வேறு ஊசிகளை முன்கூட்டியே போட்டு, சொட்டுச் சொட்டாக ஏற்றி, எப்படியோ முடித்தார்கள். கட்டி போய்விட்டது என்றார்கள். திரும்பவும் வந்தது.

"இந்தத் தடவை அந்த எண்ணெய் வேணாம் சார்," என்றார் டாக்டரம்மா. "அதே மருந்து, பாலிமருக்குள்ள வச்சு வருது. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாததா! இருபக்கமும் தெரிந்திருந்ததுதான் வினை. ஆய்வுக்கூடத்தில் எலிக்குக் கட்டியை நாமே வளர்க்கிறோம். அது அவசரமாக வளர்கிற கட்டி, அதன் ரத்தக் குழாய்கள் எல்லாம் ஓட்டை. உருண்டைகள் அந்த ஓட்டைகள் வழியாகக் கட்டிக்குள் இறங்கிவிடும். மனிதக் கட்டி அப்படி இல்லை. ஒருவர் உடம்பில் விடும், இன்னொருவர் உடம்பில் கதவைச் சாத்திக்கொள்ளும். எது விடும், எது சாத்தும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. என் கட்டுரைகளின் கடைசிப் பத்தியில் இதைப் பற்றி 'மேலும் ஆய்வு தேவை' என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவேன். இப்போது அந்த ஒரு வரி என் எதிரே கையில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவளோ மகிழ்ந்துபோனாள். "உங்க மருந்துங்களா?" என்றாள். என் மருந்து இல்லை, எங்கோ எவரோ செய்தது, அந்த வகை, அவ்வளவுதான் என்று சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டு, "இவரு மருந்தையே குடுக்கறாங்கண்ணா" என்று சொல்லிவிட்டாள்.

ஊர் ஆஸ்பத்திரியிலேயே ஏற்றிக்கொள்ளலாம், மருந்தை மட்டும் சென்னையிலிருந்து நாங்கள் வாங்கி வர வேண்டும் என்று ஏற்பாடு. தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் வைத்துக் கொடுத்தார்கள். சில்லென்றே இருக்க வேண்டும், உறையக் கூடாது, வெயில் படக் கூடாது. செவிலிமேட்டில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் தோசைமாவுப் பாத்திரத்தை நகர்த்தி இடம் செய்து, பெட்டியோடு உள்ளே வைத்தேன். யாரும் தொடாதீர்கள் என்றேன். வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்.

இரண்டு நாள் கழித்து மருந்து ஏற்றுகிற நாள். அதற்கு முந்தின நாள் எனக்குக் கல்லூரியில் தேர்வு வேலை. வைகாசி மாதம், ஊரில் பெருமாளுக்குத் திருவிழா, கருட சேவை. பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தில் இடிபட்டு, வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்தேன். அவள் வாசலிலேயே நின்றிருந்தாள், நெற்றி நிறையக் குங்குமம்.

"கைய நீட்டுங்க," என்று பிரசாதத்தை வைத்தாள். "அம்மன் கோயிலுக்குப் போயிட்டு வந்தேன். மருந்து பாட்டிலையும் பாதத்துல வச்சு எடுத்துக்கினு வந்துட்டேன்."

மறைக்கவெல்லாம் இல்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

அவர்கள் வீட்டு வழக்கம் அது. புதுப் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல், வீட்டுக்கு வந்தால் நேராகத் தறியில் ஏற்ற மாட்டார்கள். முதலில் அம்மன் கோயிலுக்குப் போகும். பாதத்தில் வைத்து, குங்குமம் இட்டு, திரும்பி வந்த பிறகுதான் தறியில் பிணைப்பார்கள். அப்படி வைத்து எடுத்த பாவை எந்தக் காரணத்துக்காகவும் அறுத்துப் போட மாட்டார்கள். எத்தனை இழை அறுந்தாலும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக முடிபோட்டு நெய்து முடிப்பார்கள். நான் தென்னேரிக்காரன். எங்கள் வீட்டில் தறி கிடையாது. இந்த வழக்கத்தைக் கல்யாணமான புதிதில் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். மருந்துக் குப்பியும் இதற்குள் வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"பெட்டியோடயா எடுத்துக்கினு போன?"

"அம்மாம்பெரிய பெட்டிய எப்படிங்க உள்ள எடுத்துக்கினு போறது? மஞ்சத் துணியில சுத்தி மடியில கட்டிக்கினேன். குருக்கள் நல்லா வெளக்காண்ட, பாதத்துக்குக் கிட்டக்கவே வச்சுக் குடுத்தாரு. திரும்பி வர்றப்பதான் ஒரு ஆட்டோ கூட இல்ல. சாமி போய்க்கினு இருக்குது, ரோடெல்லாம் அடைச்சுட்டாங்க. மண்டபத்தாண்ட உக்காந்து மோர் வாங்கிக் குடிச்சுட்டு மெதுவா நடந்தே வந்துட்டேன்."

முதலில் எனக்கு வந்த கோபம் மருந்துக்காக இல்லை. அந்த வெயிலில், அந்தக் கூட்டத்தில், அந்த உடம்பை வைத்துக்கொண்டு! "மயக்கம் போட்டு விழுந்திருந்தா?" என்று கத்தினேன்.

"விழலியே," என்றாள்.

ஃபிரிட்ஜைத் திறந்தேன். குப்பி அதன் இடத்தில் ஒழுங்காக இருந்தது. மூடியில் மட்டும் ஒரு விரல் குங்குமம். டியூப் லைட்டுக்கு எதிரே தூக்கிப் பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தது. நல்ல கரைசலில் தெரிகிற மாதிரி லேசான நீலச் சாயலும் இருந்தது. திரிதிரியாக எதுவும் இல்லை. வகுப்பில் பலகையில் சுட்டிக்காட்டுவதற்கு வைத்திருக்கிற லேசர் விளக்கைப் பையிலிருந்து எடுத்து, குப்பியின் பக்கவாட்டில் அடித்தேன். உள்ளே ஒரு சிவப்புக் கோடு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போனது. வெறும் தண்ணீரில் அப்படிக் கோடு தெரியாது.

அவள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "அதான் மருந்தா?"

"மருந்த சுமக்கிற உருண்டைங்க."

"இருக்குது இல்ல? அப்ப நல்லாத்தானே இருக்குது?"

உருண்டைகள் இருக்கின்றன என்பது மட்டும்தான் அந்தக் கோட்டுக்குத் தெரியும். மருந்து இன்னும் அவற்றுக்குள் இருக்கிறதா, சூட்டில் வெளியே கசிந்துவிட்டதா, இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு பெரிதாகிவிட்டனவா, பெரிதானவை உடம்புக்குள் போய் எங்கே அடைத்துக்கொள்ளும், இதையெல்லாம் அது சொல்லாது. என் ஆய்வுக்கூடத்தில் அளந்து சொல்லும் கருவி இருக்கிறது. ஆனால் அதில் வைக்கக் குப்பியைத் திறக்க வேண்டும். திறந்த குப்பியை ரத்தத்தில் ஏற்ற முடியாது. இதை அவளிடம் சொன்னேன்.

"தெரிஞ்சுக்கணும்னா தெறக்கணும். தெறந்தா போட முடியாது. அப்படித்தானே?"

"ஆமா."

"அப்ப தெரியாமலே போட்டுக்கறேன்," என்று சொல்லிவிட்டு, தோசைக் கல்லை அடுப்பில் போட்டாள். எத்தனையோ மாணவர்களுக்கு இதைப் பாடமாக எடுத்திருக்கிறேன். ஒருவரும் இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டதில்லை. புரிந்துகொண்டு இப்படி ஒரு முடிவுக்கு வந்ததும் இல்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமா என்று பிற்பாடு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். சொல்லாமல் இருந்திருக்க முடியாது. அவள் நாற்காலியில் சாய்ந்து மூச்சுக்கு இழுத்த முகம் என் கண்ணில் இருந்தது. டாக்டரம்மா வெளியே போய் மருந்து கொடுத்தவர்களிடம் போனில் பேசிவிட்டு வந்தார். போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம்.

அவள் அதற்குள் கையை நீட்டி நரம்பில் ஊசி ஏற்றிக்கொண்டு தயாராக இருந்தாள். "டாக்டரம்மா, அது அம்மன்கிட்ட வச்சதுங்க," என்றாள்.

"கும்பிடறது நல்லதுதாம்மா. ஆனா சூடு பட்ட மருந்த நான் ஏத்த முடியாது. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா? நாலஞ்சு நாள்ல புதுசு வந்துடும். ஒண்ணும் கெட்டுப் போகல."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளுக்காக ஏதாவது பேசுவேன் என்று எதிர்பார்த்தாள். நான் சுவரில் இருந்த கைகழுவும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளை ஆட்டோவில் உட்கார வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எப்படியும் வீணாகிற குப்பிதானே, அதை வாங்கிப் போய்க் கருவியில் வைத்துப் பார்த்திருக்கலாமே! உள்ளே ஓடினேன். நர்ஸ் அதை ஊசிகளோடு கழிவு டப்பாவில் போட்டு மூடிவிட்டிருந்தார். "அதத் தெறக்கவே கூடாது சார்," என்றார். எனக்கும் அது தெரியும். நானும் என் மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

புதுக் குப்பியை நானே சென்னைக்குப் போய் வாங்கி வந்தேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் கூட உட்காரவில்லை, வெயில் படும் என்று. "இன்னா சார், ஐஸ்கிரீமா? எனக்கு ஒண்ணு குடுக்கறது," என்றார் கண்டக்டர். நானும் சிரித்து வைத்தேன். இந்தத் தடவை அவள் ஃபிரிட்ஜ் பக்கமே போகவில்லை. தோசைமாவு எடுக்கக்கூட என்னைத்தான் கூப்பிட்டாள்.

மருந்து ஏறியது. முகம் சிவக்கவில்லை, மூச்சு இழுக்கவில்லை. அடுத்தடுத்த தடவைகளும் அப்படியே. முடி கொட்டியது, வாய் கசந்தது, கால் விரல்கள் மரத்துப்போயின. ஆனாலும் முன்பு பட்ட பாட்டுக்கு இது எவ்வளவோ தேவலை என்றாள். ஒவ்வொரு குப்பியையும் நான் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன். கரன்ட் போன ஒரு மத்தியானம் கல்லூரிக்கு லீவு போட்டு, ஐயம்பேட்டையில் ஒரு தெரிந்தவர் ஐஸ் வைத்திருக்கிறார் என்று ஷேர் ஆட்டோவில் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். சுமக்கிற உருண்டைக்கு நான் சுமைதூக்கியானேன். என் கையில் இருந்தது அந்தச் சில்லிப்பு ஒன்றுதான். அதை விட்டுவிடக் கூடாது என்று வெறியாகவே இருந்தேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி வளர்ந்திருந்தது. புதிதாக ஒன்றும் கிளம்பியிருந்தது.

"மருந்து கேக்கல சார்," என்றார் டாக்டரம்மா. சில பேருக்கு இப்படி ஆகும் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்த அளவு எனக்கும் தெரியும். அதற்கு மேல் இரண்டு பேருக்குமே தெரியாது.

மச்சான் சாயந்திரம் வீட்டுக்கு வந்தார். சாப்பிடச் சொன்னேன், வேண்டாம் என்றார். பிறகு, "மாப்ள, தப்பா நெனைக்காதீங்க," என்றார். இப்படி ஆரம்பிக்கிற எந்தப் பேச்சைத் தப்பாக நினைக்காமல் இருந்திருக்கிறோம்?

"வச்சு எடுத்தத நாங்க அறுக்க மாட்டோம். நீங்க அதத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு வந்துட்டீங்க."

"அது ஒரே ஒரு குப்பி மச்சான். சூட்டுல கெட்டிருக்கும். மத்ததெல்லாம் ஒழுங்கா, சில்லுனு வச்சுத்தானே போட்டோம்?"

"அதத்தான் நானும் சொல்றேன். நீங்க ஒழுங்கா வச்சதெல்லாம் போட்டுப் பாத்தாச்சு. கேக்கல. அது ஒண்ணுதானே போட்டுப் பாக்கல?"

ஒரு குப்பியில் ஒன்றும் ஆகாது, எல்லாம் ஒரே மருந்து, ஒரே தொழிற்சாலை, கட்டிதான் உள்ளே விடவில்லை என்று என்னென்னவோ சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. இல்லாததைப் போட்டு எப்படிப் பார்ப்பது? ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருத்தி வேண்டும். எலி என்றால் இன்னொன்று இருக்கும். எனக்கு இருந்தது இவள் ஒருத்திதான்.

"விடுண்ணா," என்றாள் அவள் உள்ளேயிருந்து. "அவரு இன்னா பண்ணுவாரு."

அண்ணன் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். துணி கட்டிய தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். "கோவப்படாம சொல்லுங்க. அந்த மொத பாட்டிலு நெசமாவே கெட்டுத்தான் போயிருந்துச்சா?"

கெட்டுப்போயிருந்தது என்று சொன்னால் கெடுத்தவள் அவள். நன்றாகத்தான் இருந்தது என்று சொன்னால் தூக்கிப் போட வைத்தவன் நான். இரண்டில் ஒன்றைச் சொல்லி அவளைத் தூங்க வைத்திருக்கலாம். வாயில் வந்தது, "தெரியல," என்பதுதான்.

"இம்மாம் படிச்சுக்கினு இருக்கீங்க," என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. பாவம் பார்த்துச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

அடுத்து மாத்திரை கொடுத்தார்கள். பழைய, சாதாரண மாத்திரை. உருண்டை கிடையாது, பாலிமர் கிடையாது, ஃபிரிட்ஜ் வேண்டாம். அலமாரியில் வைத்தாலே போதும். கட்டியைக் கரைக்கும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, கொஞ்சம் பிடித்து வைக்கும் என்றுதான் சொன்னார். மருந்துக் கடையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு வருகிறபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சொன்னேன்.

"இது வெயில் பட்டாலும் ஒண்ணும் ஆகாது. வா, ரெண்டு பேரும் அம்மன் கோயிலுக்கு எடுத்துக்கினு போலாம். ஆட்டோ சொல்றேன்."

உண்மையிலேயே போகத்தான் நினைத்தேன். வெயில் தாழ்ந்திருந்தது, கூட்டமும் இருக்காது. அவளால் நடக்க முடியாவிட்டால் தூக்கிக்கொண்டே போவேன் என்றுகூட நினைத்தேன். என்னால் அவளுக்குக் கொடுக்க முடிந்ததில் அது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

அவள் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வேணாங்க," என்றாள்.

"ஏம்மா?"

"போன தடவை வச்சுக் குடுத்தது எங்கேன்னு கேப்பா இல்ல?"

அவள் கையை நீட்டி, "தண்ணி குடுங்க," என்றாள்.